மீசை களவு போன தலைமை எழுத்தர்

அலுவலகத்தில் தலைமை எழுத்தர் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறார். திடீரென்று துள்ளி எழுந்து, தன் மீசை களவு போய்விட்டதென்று கூச்சல் போடுகிறார். கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினாலும் நம்பவில்லை. துடைப்பம்போல் தொங்கும் இதுவா தன் மீசை என்று எரிந்து விழுகிறார்.

ஒரு நூற்றாண்டாக வங்காளக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கும் இந்தக் கவிதையை எழுதியவர் சுகுமார் ராய். படம் வரைந்தவரும் அவரே. திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் தந்தை.

இயற்பியலும் வேதியியலும் படித்த சுகுமார், அச்சுத் தொழில்நுட்பம் கற்க 1911இல் இங்கிலாந்து போனார். அவருடைய தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். தந்தைக்குப் பின் அதை நடத்திய சுகுமார், அதில்தான் தம் விசித்திரப் பிராணிகளை உலவவிட்டார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டிக்கொண்ட ஒன்று. கொக்கும் ஆமையும் கலந்த இன்னொன்று. யானையோடு திமிங்கிலம் சேர்ந்தது வேறொன்று! இன்னொரு கவிதையில் ஒரு சித்தப்பா வருகிறார். முகத்துக்கு முன்னால் தின்பண்டத்தைத் தொங்கவிடும் கருவி ஒன்றை அவர் கண்டுபிடிக்கிறார். அதை மாட்டிக்கொண்டால், பண்டத்தைப் பிடிக்கும் ஆசையில் ஐந்து மணி நேர வழியை ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாமாம்.

இவற்றில் நீதி எதுவும் இல்லை. பாட்டு சொல்லும் பொய்யைப் படம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உறுதிப்படுத்துகிறது. குழந்தைக்கு வேடிக்கையே அதுதான்.

இத்தகைய கவிதைகளைக் குழந்தைகளோடு படிக்கும்போது பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும்: "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி வந்ததும் சிரிப்பு நின்று வகுப்பறை தொடங்கிவிடும். அதைவிட, படத்தை மறைத்துவைத்துப் பாட்டை உரக்கப் படிக்கலாம். அந்தப் பிராணி எப்படி இருக்கும் என்று குழந்தையையே வரையச் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறந்து காட்டலாம். வாலை எங்கே வைப்பது என்று குழந்தைகள் கவிஞரோடு சண்டைக்கே போவார்கள். ஒட்டகத்தையும் தவளையையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைப் படைத்துப் பெயரும் சூட்டுவார்கள்.

கடைசிக் காலத்தில் காலா அசார் காய்ச்சலில் படுத்திருந்த சுகுமார், அந்த நிலையிலும் தம் கவிதைகளைப் படங்களோடு 'ஆபோல் தாபோல்' என்ற நூலாக ஆயத்தம் செய்தார். 1923 செப்டம்பர் 10 அன்று, 35 வயதில் மறைந்தார். ஒன்பது நாள் கழித்துப் புத்தகம் வெளிவந்தது. மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டு வயது. அவரே வளர்ந்து, தந்தையின் கவிதைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழுக்கு 1961இல் மீண்டும் உயிர் கொடுத்தார்.

நேயர்களே, இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வேடிக்கைப் பாடல்களானாலும் சரி, நூலகத்தில் கிடைக்கும் வேறு படப் புத்தகமானாலும் சரி, பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, குரலை ஏற்றி இறக்கிப் படியுங்கள். பொருள் மட்டும் கேட்காதீர்கள்.