மலையேறும் இரத்தம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியா பகுதியிலும் அதைச் சுற்றியும் வாழும் ஈழத்தமிழர்கள், சைவர்கள் உட்பட, புனித ரொசாலியாவை வணங்கப் பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்தே ஏறுகிறார்கள். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளும் இதயம், அந்த ஏற்றத்தில் இரண்டு மூன்று மடங்கு தள்ளும். கால் தசைகளின் நுண்தமனிகள் விரியும். குடலுக்குப் போகும் பங்கு குறையும். எனக்குப் பெரும் வியப்பு கெண்டைக்கால்தான். ஒவ்வோர் அடியிலும் அது இறுகிச் சிரைகளைப் பிழிகிறது. உள்ளிருக்கும் வால்வுகள் இரத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் இதயத்துக்கே அனுப்புகின்றன. அசையாமல் நெடுநேரம் நின்றால் இந்த உதவி நின்றுவிடும். இரத்தம் காலில் தேங்கும், சிலருக்குத் தலை சுற்றும். தரிசன வரிசையில் நிற்கும் நம் பெரியவர்கள் குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்கட்டும்.