ஒரே மாத்திரை, இரண்டு சரீரம்

இந்த முறை பிரசங்கம் எழுதவில்லை. என்னுடைய தப்பிதம் ஒன்றை அறிக்கையிடுகிறேன்.

நம்முடைய சகோதரர்கள் இரண்டு பேருக்கு இருதய இரத்தக்குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க இருவருக்கும் குளோபிடோக்ரல் என்கிற ஒரே மாத்திரை. இருவருக்காகவும் சபையாய் உபவாசித்து ஜெபித்தோம். ஒருவர் சுகமாகி சாட்சி சொன்னார். மற்றவருக்கோ சில மாதங்களில் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் கட்டி மறுபடியும் மாரடைப்பு! பார்க்கப்போன நான் கட்டிலண்டை நின்றுகொண்டு, "பிரதர், மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டாக்டர் அவருக்கு ஜீன் பரிசோதனை செய்யச் சொன்னார். குளோபிடோக்ரல் விழுங்கினபடியே வேலை செய்கிற மருந்தல்ல. கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் அதை மாற்றினால்தான் பலன். அந்த என்சைமுக்குரிய ஜீன் சிலருக்கு வித்தியாசமாய் இருக்கிறது. அவர்களுக்கு மாத்திரை உள்ளே போயும் போதுமான பிரயோஜனம் இல்லை. 2010ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்த எச்சரிக்கையை அந்த மருந்தின் விவரச்சீட்டில் போட வைத்தது. நம் நாட்டு ஜனங்களிடத்திலும் இந்த வித்தியாசம் அபூர்வமல்ல. நம் சகோதரருக்கும் அதுவே. டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார்.

அப்படியானால் நான் பாவம் என்று சொன்னது எதை? தாயின் வயிற்றிலிருந்தே அவரோடு வந்த ஒரு காரியத்தை!

யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைப் பார்த்த சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதானே? அவனையும் குற்றப்படுத்தாமல், பெற்றோரையும் குற்றப்படுத்தாமல், ஆண்டவர் அவனிடத்தில் தேவனுடைய கிரியை வெளிப்படும் என்றார். எப்படிச் சுகமாக்கினார்? இவனுக்குச் சேறு பூசினார். பர்திமேயுவுக்கு ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. பெத்சாயிதா குருடன்மேல் இரண்டுதரம் கைகளை வைத்தார். மூன்று பேரும் குருடர், மூன்று விதம். ஆளைப் பார்த்து வைத்தியம் செய்தவர் நம் ஆண்டவர்.

"பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம் இல்லையா பாஸ்டர்?" என்று சிலர் கேட்கிறீர்கள். மனித சரீரத்தின் ஏறக்குறைய 300 கோடி ஜீன் எழுத்துக்களைப் படிக்கும் மாபெரும் வேலை 2003ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை நடத்தின பிரான்சிஸ் காலின்ஸ் என்கிற டாக்டர், நாஸ்திகராயிருந்து 27 வயதில் இயேசுவை ஏற்றுக்கொண்டவர். சிருஷ்டிகருடைய கைவேலையைப் படிப்பது அவிசுவாசமல்ல. பவுல்கூட தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவனுக்கு ஏற்ற யோசனை சொன்னார் (1 தீமோ. 5:23).

ஆனாலும் ஒன்று. ஜீன் ரிப்போர்ட் தீர்க்கதரிசனம் அல்ல. எந்த மாத்திரை பொருந்தும் என்று அது சொல்லலாம். உங்கள் ஆயுசு நாட்களை எண்ணுகிறவர் கர்த்தர். மாத்திரை பலிக்காததற்கு எப்போதும் ஜீன்தான் காரணம் என்றும் எண்ணவேண்டாம். இதை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனை தேவைப்பட்டு பணமில்லாதவர்கள் இருந்தால் சபைக்குத் தெரியப்படுத்துங்கள். காணிக்கை எதற்கு இருக்கிறது?

நான் அந்தச் சகோதரர் வீட்டுக்குப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "பாஸ்டர், மாத்திரை மாத்துறதுக்கு முன்னாடியும் நான் கர்த்தரைத்தான் நம்பியிருந்தேன். நீங்கதான் அதை நம்பல." நான் தலைகுனிந்தேன்.

பிரியமானவர்களே, சுகமாகாதவனைப் பார்க்கும்போது யோபின் சிநேகிதரைப்போல வாயைத் திறக்காதிருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.