சந்தேகம் சாட்சியாகாது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம். அடித்தவர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். இதில் அஞ்ச வேண்டியதே அதுதான்.

ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு என்ன வேண்டும்? கோபம் போதுமா? ஊர் பேசினால் போதுமா? மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

அடிப்படை நிரபராதித்துவமே

ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று, உறுதியாக இருப்பதைச் சந்தேகம் நீக்காது என்பது. உளூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால், ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் உளூ இருப்பதாகவே தீர்ப்பு. இதே விதிதான் நீதிமன்றத்திலும். மனிதன் குற்றமற்றவனாகப் பிறக்கிறான் என்பது உறுதி. அவன் குற்றம் செய்தான் என்பது நிரூபிக்கப்பட வேண்டிய வாதம். எனவே நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டுபவர் மீதே விழுகிறது.

கேட்டவருக்கெல்லாம் கேட்டது கொடுக்கப்பட்டால், சிலர் மற்றவர்களின் உயிருக்கும் பொருளுக்கும் உரிமை கொண்டாடிவிடுவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்திலும், நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி அரசுத் தரப்பு நிரூபிக்கும் வரை ஒருவர் நிரபராதிதான்.

நம்ம ஆளு என்ற நோய்

அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 112 வரையிலான வசனங்கள் இறங்கிய பின்னணியைத் தஃப்ஸீர் அறிஞர்கள் கூறுகிறார்கள். ஓர் அறிவிப்பின்படி, மதீனாவில் துஃமா என்பவன் அண்டை வீட்டாரின் உருக்குச் சட்டையைத் திருடி, ஒரு யூதரிடம் கொடுத்து வைத்தான். தேடிப் போனபோது பொருள் யூதரின் வீட்டில் கிடைத்தது. தனக்கு இதைத் தந்தவன் துஃமாதான் என்று அவர் சொன்னார். துஃமாவின் கூட்டத்தாரோ நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்கள் ஆளுக்காக வாதாடும்படி வேண்டினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருள் கிடைத்த இடம் அந்த யூதரின் வீடு. எதிரே நிற்பவனோ முஸ்லிம் என்று சொல்லிக்கொள்பவன். அவனுக்குப் பின்னால் ஒரு கோத்திரமே நிற்கிறது. அப்போதுதான் வஹீ இறங்கியது. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான். தான் செய்த பாவத்தை ஒரு நிரபராதியின் தலையில் போடுபவன் பெரும் அவதூறையும் பகிரங்கமான பாவத்தையும் சுமக்கிறான் என்று அறிவித்தான். ஒரு யூதரின் மானத்தைக் காக்க இறங்கிய வசனங்களை நாம் கியாமத் நாள் வரை தொழுகையில் ஓதிக்கொண்டிருக்கிறோம். நீதிக்கு முன் நம்ம ஆளு, வேற்றாள் என்ற பேச்சே கிடையாது.

பாதிக்கப்பட்டவரும் நிரபராதியும்

வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. தொழுகைக்காக வெளியே வந்த ஒரு பெண்ணை ஒருவன் வன்கொடுமை செய்துவிட்டு ஓடிவிட்டான். அவ்வழியே வேறொரு மனிதர் வந்தார். நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், இவன்தான் என்று அவரை அடையாளம் காட்டிவிட்டார். மக்கள் அவரைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டுவந்தார்கள். தண்டனைக்கு உத்தரவாகும் தருணத்தில் உண்மைக் குற்றவாளி எழுந்து, செய்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளவில்லை. அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று சொல்லி அனுப்பினார்கள். தவறாகப் பிடிபட்ட மனிதரிடம் நல்ல வார்த்தை பேசினார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுப்பது அவதூறாகாது. ஆதாரம் எங்கே என்று கேட்டு அவர் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை. அதேசமயம், நேர்மையானவரின் கண்ணும் தவறலாம். அதனால்தான் புகாருக்கும் தண்டனைக்கும் நடுவே விசாரணை என்ற ஒன்று வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து அடிப்பவர்கள் அந்த நடுவிலிருப்பதைத்தான் அழிக்கிறார்கள்.

குற்றவாளி தப்பிவிடுவானே?

முடிந்தவரை ஹத்துத் தண்டனைகளைத் தவிருங்கள், தலைவர் தண்டிப்பதில் தவறிழைப்பதைவிட மன்னிப்பதில் தவறிழைப்பது மேல் என்ற கருத்து திர்மிதீயில் வருகிறது. இது நபித்தோழர் தரப்பு அறிவிப்பாக வருவதே வலுவானது என்று இமாம் திர்மிதீ குறிப்பிட்டாலும், ஃபுகஹாக்கள் இதன் கருத்தை ஏற்றுச் சட்டம் வகுத்தார்கள். கடும் பஞ்சம் நிலவிய ஆண்டில், திருடியவரைப் பசி தூண்டியிருக்கலாம் என்பதால் உமர் (ரலி) கை வெட்டும் தண்டனையை நிறைவேற்றவில்லை.

அப்படியானால் திருடன் தப்பிவிடுவானே என்று கேட்கலாம். முதலில், சந்தேகத்தால் ஹத்து நீங்கினாலும் அடுத்தவர் பொருள் அவனுக்கு ஹலாலாகிவிடாது; எடுத்தது தெரிந்தால் திருப்பித் தந்தே ஆக வேண்டும். இரண்டாவது, உலக நீதிமன்றம்தான் கடைசி நீதிமன்றம் என்று நம்புபவனுக்குத்தான் எப்படியாவது யாரையாவது தண்டித்துவிட வேண்டும் என்ற அவசரம் வரும். நமக்கு மறுமை இருக்கிறது. தப்பிய குற்றவாளியை அல்லாஹ் அங்கே பிடிப்பான். ஆனால் நாம் தண்டித்த நிரபராதியும் அங்கே வருவார். நம் கையைப் பிடிப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வோம்?

ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றாதீர்

எந்த ஆன்மாவும் மற்றதன் சுமையைச் சுமக்காது என்ற கருத்தைக் குர்ஆன் ஐந்து இடங்களில் சொல்கிறது. புன்யாமீனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சகோதரர்கள் தாமாகவே முன்வந்தபோதும், யூஸுஃப் (அலை) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பொருள் யாரிடம் கிடைத்ததோ அவரைத் தவிர வேறொருவரைப் பிடிப்பது அநியாயம் என்றார்கள் (12:78, 79). சம்மதத்தோடு கூட ஒருவர் தண்டனையை மற்றவர் மீது மாற்ற முடியாது.

2024 நவம்பர் 13 அன்று நம் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகவே ஒருவரின் வீட்டை இடிக்கக் கூடாது, நிர்வாகமே நீதிபதியாகிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒருவர் மீதான குற்றச்சாட்டுக்கு அவர் மனைவி மக்களும் ஏன் தெருவில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி.

அதே கேள்வியை நம் மஹல்லாவிலும் கேட்போம். வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் வேலைக்கார அம்மாவின் பையைத்தானே தேடுகிறோம்? கடையில் பணம் குறைந்தால் வடநாட்டுப் பையனைத்தானே பார்க்கிறோம்? ஒருவர் கைதானால் அவர் மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுபோவதில்லையா? அதுவும் ஒரு வீட்டை இடிப்பதுதான். புல்டோசர் இல்லை, அவ்வளவுதான்.

எனவே சகோதரர்களே, செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையைச் செல்போனைக் கையில் எடுக்கும்போதும் நினையுங்கள். உறுதியில்லாத புகைப்படத்தையும் பெயரையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். குற்றம் நடந்ததைக் கண்டால் காவல் துறையிடம் சொல்லுங்கள், கை நீட்டாதீர்கள். சாட்சி சொல்ல அழைத்தால், சொந்தபந்தத்திற்கு எதிராக இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நிரபராதிகளின் சாபத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! அநியாயமாகச் சிறையில் வாடுவோருக்கு விடுதலையையும், பாதிக்கப்பட்டோருக்கு நீதியையும் தந்தருள்வாயாக! எங்கள் நாவையும் கையையும் அநீதியிலிருந்து பாதுகாப்பாயாக! ஆமீன்.