தொண்டரைப் பேணுதல்

1975-ஆம் ஆண்டு பெங்களூருவில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் எஸ். ராமகிருஷ்ணனின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. பிறர் கையின் அருமையை உணர்ந்த அவர், 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் இல்லம் தேடிச் செல்ல உள்ளூர்ப் பெண்களுக்கு அச்சங்கம் பயிற்சி அளிக்கிறது.

இரக்கம் மட்டுமே உள்ளவர் குழந்தைக்குத் தாமே ஊட்டிவிடுவார். பயிற்சி பெற்றவரோ, கரண்டியைப் பிடிக்க அக்குழந்தை முயலும்வரை பொறுத்திருப்பார். அப்பொறுமை தானே வருவதன்று. மூத்தோர் உடனிருந்து செய்துகாட்டி, தவறைக் கனிவுடன் திருத்தி, சோர்வுற்றபோது ஓய்வளித்தால்தான் அது வளரும். பணியாளரிடம் காட்டும் கடுமை இறுதியில் குழந்தையின்மீதே விழும். ஆதலின், தொண்டரைப் பேணுதலும் அக்குழந்தைக்குச் செய்யும் தொண்டே.