இரண்டு பக்கம் திருப்பினால் போதுமா?

ஒருத்தர் கேட்காததை நாம் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? முன்பெல்லாம் "இல்லை"ன்னு பட்டுன்னு சொல்லிடுவேன். ஈப்போவில் மாமா பட்டறையில் ஒரு சனிக்கிழமை கழித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேங்குது.

வந்திருந்தது 1967ஆம் ஆண்டு எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் ஆலை 1962 முதல் 1980 வரை செய்த ஸ்போர்ட்ஸ் காடி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். பார்க்கவே அழகு! மறுநாள் வாங்குகிறவர் வரப்போகிறார். ஆனால் நின்ற இடத்தில் எஞ்சின் திக்கித் திணறியது.

மாமா வெளியே போயிருந்தார். எஞ்சினைச் சூடாக்கி, கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். கலவை சரியாக இருந்தால் வேகம் கொஞ்சம் ஏறி உடனே அடங்கும். பெட்ரோல் அதிகமென்றால் ஏறிய வேகம் இறங்காது. இரண்டாவது கார்புரேட்டரைத் தூக்கியதும் எஞ்சின் அணையப் பார்த்தது. பெட்ரோல் போதவில்லை. அடியில் உள்ள ஆறு பக்க நட்டை இரண்டு பக்கம் இறக்கினேன். எஞ்சின் சீராக ஓடியது. எனக்கு ஒரே பெருமை.

மாமா வந்து கேட்டார். "ஏன் பெட்ரோல் குறைஞ்சுச்சுன்னு பாத்தியாடா?"

பார்க்கவில்லை. அவர் மேனிஃபோல்ட் இணைப்பில் கிளீனரைக் கொஞ்சம் தெளித்தார். (சூடான எஞ்சின், தீப்பிடிக்கும். நீங்க வீட்டில் செய்து பார்க்காதீங்க.) சத்தம் மாறியது. கேஸ்கெட் வழியாகக் காற்று உள்ளே போகிறது.

எஸ்யூவில் அந்த ஒரே நட்டுதான் எல்லா வேகத்துக்கும் கலவையைத் தீர்மானிக்கிறது. காற்றுக் கசிவோ நின்று ஓடும்போதுதான் அதிகம் பாதிக்கும். நான் அந்த நேரத்துக்காகக் கூட்டிய பெட்ரோல், நெடுஞ்சாலையில் வேண்டாத சுமை. பிளக் கரியாகும், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய் கழுவிப்போகும். அதாவது வாங்குகிறவர் காது கொடுத்துக் கேட்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் வேலை செய்திருக்கிறேன்.

காடிக்காரர் போனில் சொன்னார்: "அப்படியே விட்டுடுங்க. அவரு கேட்கப் போறதில்ல, நாம சொல்லவும் வேணாம்."

உண்மையில் யாரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. ஆனால் எஞ்சினை நல்லா இருக்கிற மாதிரி பேச வைத்தது நான்தானே? பழைய காடி என்றாலே தேய்மானத்துக்கு ஏற்றபடி திருகுவதுதான் வேலை, அதில் தப்பில்லை. காரணம் தெரிந்த பிறகும் அதை மூடி வைக்கத் திருகுவது எனக்கு வேறாகத்தான் படுகிறது.

ஆனால் காடி மாமாவுடையது இல்லை. வாடிக்கையாளர் ரகசியத்தை நாமே போய் வெளியில் சொல்லலாமா? அவரும் அதைச் செய்யவில்லை. "கேஸ்கெட் மாத்துவோம், இல்லன்னா நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க. ரெண்டும் முடியாதுன்னா வண்டிய எடுத்துக்குங்க," என்றார். சாயங்காலம் அவர் எடுத்துக்கொண்டார். பல வருட வாடிக்கை அதோடு போச்சு.

வேறு பட்டறையில் ஐந்து நிமிடத்தில் அந்த நட்டை இறக்கியிருப்பார்கள். வாங்கியவருக்கு எங்களால் என்ன நன்மை என்று மாமாவிடமே கேட்டேன். பதில் சொல்லவில்லை.

காடி போகும் முன் ஸ்பானரை என் கையில் கொடுத்து, "நீ இறக்குனத நீயே ஏத்திடு," என்றார். இரண்டு பக்கம் ஏற்றினேன். திக்கிக்கொண்டேதான் அது வாசலைத் தாண்டியது.