விரலின் ஞாபகம்

கட்டுமாவடியில், கடைத்தெருவை ஒட்டிய என் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சொந்தமாக எதுவும் எழுதாத நேரங்களில் நாட்டுப்படகுக்காரர்களுக்கு அதில் மனு அடித்துக் கொடுப்பேன். சென்ற மாதம் ஒரு காலை திறந்தபோது அது வேறொன்றாக இருந்தது. இரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். தமிழுக்கு மாற்றும் விசைகள் மாற்றவில்லை; அச்சுக்கு அனுப்பும் கட்டளை எங்கோ உள்ளே போய் ஒளிந்திருந்தது. மனுவுக்காகக் காத்திருந்தவர், 'என்னண்ணே, மிஷினு படுத்துருச்சா?' என்றார். படுக்கவில்லை. அது நன்றாகத்தான் ஓடிற்று.

எனக்கு வந்த கோபம் விஷயத்தின் அளவுக்குப் பொருந்தாதது. அதனாலேயே அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. பத்து வருஷம் ஒரே இடத்தில் தொட்டதைக் கண் பார்க்காமலே விரல் தொடும். அந்தப் பரிச்சயத்தைச் சம்பாதித்தது நான். செய்து விற்றவனுக்கு மென்பொருளின் மீது உரிமை இருக்கலாம். என் விரலின் மீது?

இதற்கு எதிர்சாட்சியும் நானேதான். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. 1935 முதல் பெரியார் 'குடி அரசி'ல் வழங்கிய வடிவங்கள். ணா, றா, னா சுழிந்த உருவை இழந்தன. லை, னை முதலியவற்றின் துதிக்கை போயிற்று. மூக்கறுத்த முகம் மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. எனக்கு இருபது வயசு. கிழவர்களின் பழக்கத்துக்காக மொழி காத்திருக்காது என்று ஏதோ பெரிதாகச் சொன்னேன். இன்று என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் நியாயம்தான்.

முழு நியாயமா என்பதில் சந்தேகம் இருக்கிறது. அச்சுக்கோப்பவனுக்கும் தட்டச்சுக்கும் தனி வடிவங்கள் குறைந்தன. காரணம் கண்ணெதிரே தெரிந்தது. அப்பாவோ சாகும்வரை பழைய லையையே எழுதினார். அவர் பேனாவை இரவில் யாரும் வந்து மாற்றிவைக்கவில்லை. அவர் கடிதங்களை என் பேத்திகூடக் கொஞ்சம் தடுமாறி வாசித்துவிடுகிறாள்.

புதுப்பிக்காமல் விட்டுவிடலாமே என்பார்கள். முடியாது. திருடனுக்கு வழிவிடும் ஓட்டைகளை அடைப்பதும் அதே புதுப்பித்தல்தான். பழைய பதிப்புக்கு ஒருநாள் அந்தக் காவலும் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழக்கமான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில். பூட்டைச் சரிசெய்ய வந்தவன் வாசலையும் இடம் மாற்றிவிட்டுப் போகிறான். பழைய வாசலே போதும் என்றால் பூட்டு கிடையாது. 2012இல் விண்டோஸ் 8 இடது மூலைத் தொடக்கப் பொத்தானை எடுத்துவிட்டது, உலகமெங்கும் முணுமுணுப்பு, அடுத்த வருஷமே 8.1இல் பொத்தான் திரும்பிவந்தது. கட்டுமாவடியில் ஒருவன் மட்டும் முணுமுணுத்திருந்தால்?

கடலும் யாரையும் கேட்டு மாறுவதில்லையே என்றார் ஒரு நண்பர். வாஸ்தவம். இங்கே வாடைக்காற்றைத் திட்டாத படகுக்காரன் இல்லை; ஆனால் அது தன்னை ஏமாற்றிவிட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உன் நன்மைக்காகவே வீசுகிறேன் என்று கடல் திரையில் எழுதிக் காட்டுவதில்லை. எனக்கு உறுத்துவது அந்த வாசகம்தான் என்று நினைக்கிறேன். என் நன்மையை என்னிடம் கேட்காமல் தீர்மானித்தவன் எனக்கு வாழ்த்தும் சொல்கிறான். 1978இல் அப்பாவிடம் நான் பேசியதும் ஏறக்குறைய அந்தக் குரலில்தான்.

அன்று மனுவைக் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'கையெழுத்துல குடுத்தா வாங்குவாங்களாண்ணே?' என்று கேட்டார். தெரியாது என்றேன்.