இந்திய முகவரி

ரந்தாவ் தோட்டத்துப் பக்கம் இன்ஜினியர் என்றால் டிவி பெட்டியில் விபிஎன் போட்டுத் தரணும். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பி, நாம் இந்தியாவில் இருப்பதாகக் காட்டும் வேலை.

2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் திருட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி விற்பவருக்கு 20 ஆண்டு வரை சிறை. சந்தா கட்டிவிட்டு ஊரை மட்டும் மாற்றிச் சொல்கிறவர் அந்த ரகம் இல்லை. ஆனாலும் பொய்தானே?

குற்றமில்லாத நன்மை தரும் பொய்யைக் குறள் 292 வாய்மையோடு சேர்க்கிறது. எனக்கு இடிப்பது அந்தக் 'குற்றமில்லாத'தான். இங்கே யாருமே உரிமை வாங்காத பழைய படமென்றால் எவருக்கும் நட்டமில்லை, போட்டுக் கொடுப்பேன். மலேசிய உரிமைக்குக் காசு போட்டவர் இருந்தால், பாட்டி கட்டும் இந்தியச் சந்தாவில் அவருக்கு ஒரு சென்கூட வராது.

"புதுப்படத்துக்கு வேணாம் பாட்டி."

"என்னாடா, கங்காணி மாதிரி பேசுற?"